இன்னொரு வரதராஜன் சார்பில் மன்னிப்பு

இன்று மதியம் பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தால், பள்ளியில் கூடப் படித்த ஹேமா எழுதியிருக்கிறாள்.

"ஏம்பா வரதா, பெஞ்சுல சாயப்பொடியத் தூவி என் வெள்ளப் பாவாடையப் பாழாக்கினியே, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கு நான் வீட்டுக்கு எப்படி நடந்து போனேன்னு தெரியுமா உனக்கு?"

தூவியது நான் இல்லை. எங்கள் வகுப்பிலிருந்த இன்னொரு வரதராஜன், சாயப்பட்டறைக்காரர் மகன். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வீட்டுக்கு ஒரு வரதராஜன் உண்டு.

அன்று ஹெட்மாஸ்டர் வந்து "எவன்டா வரதராஜன்?" என்று கேட்டபோது, அவன் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மடையன் நான் எழுந்து நின்றேன். பிரம்படி எனக்கு. ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டதும் நான்தான்.

"அது நான் இல்லை" என்று ஹேமாவுக்கு ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை.

"ஞாபகம் இருக்குது ஹேமா. அப்பாவோட சாயப்பட்டறை இருந்த கொழுப்புல செஞ்சிட்டேன். அடியையும் அந்த இன்னொரு வரதன வாங்க வச்சேன். மன்னிச்சிடும்மா."

அரை மணி நேரத்தில் அதைப் பழைய மாணவர் குழுவில் போட்டுவிட்டாள். சாயங்காலம் அந்தச் சாயப்பட்டறை வரதனே எனக்குப் போன் செய்தான்.

"இன்னாடா எழுதி வச்சிருக்க என் பேர்ல? பொண்டாட்டி கேட்டுக்கினே இருக்கிறா."

"நான் எழுதலபா. வேற எவனாவது வரதராஜனா இருக்கும்."

போனை வைத்துவிட்டான்.

அவனிடம் வதைபட்டவர்கள் இன்னும் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அவனுக்காக மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு உண்டு. அவனுக்காக அடியே வாங்கியிருக்கிறேன்.