ட்ராமில் தூங்கப் போன டீச்சர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பட்டணத்துக்கு ரேஷன் வந்த சமயம், எனக்கு இருபத்தேழு வயது. மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "கொஞ்சம் ரெஸ்ட் எடு." எங்கே எடுப்பது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே!

எங்கள் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. இரண்டு அறைகள். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். இது போதாதென்று பர்மாவிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது என்ற நிலையில் சித்தியும் அவள் பிள்ளைகள் நாலு பேரும். பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பகலில் காலை நீட்ட அந்த வீட்டில் இடமில்லை என்பதும் உண்மை.

வேறொரு பள்ளிக்கூடத்தின் கட்டடத்தை மிலிட்டரி எடுத்துக்கொண்டதால் அந்தப் பிள்ளைகள் மத்தியானத்தில் எங்கள் வகுப்புகளில் படித்தார்கள். எங்களுக்குக் காலை ஏழரை முதல் பன்னிரண்டரை வரை. மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், ஐம்பத்துநாலு பெண்கள். ஒரு நாள் முழுக்க நடத்த வேண்டியதை அரை நாளில் நடத்த வேண்டும். சாயங்காலம் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இரண்டு பெண்களுக்கு ட்யூஷன். இதற்கு நடுவில் நானே ஒரு மாணவியும்கூட. தனியாகப் படித்து இன்டர்மீடியட் எழுதப் பெயர் கொடுத்திருந்தேன். தர்க்க சாஸ்திரப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நாலு மாதமாக முதல் அத்தியாயமாகவே படித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு ரேஷன் வேலை. வீடு வீடாகப் போய் எத்தனை தலை என்று எழுதுவதை டீச்சர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கு மூன்று தெருக்கள்.

மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய ஒரு தெருவில் ஒரு மாமி, "எங்காத்துல எட்டுப் பேர்னு எழுதிண்டுடும்மா" என்றார்.

"நாலு பேர்தானே மாமி இருக்கீங்க?"

"மத்தவா ஊர்லேர்ந்து வந்துண்டே இருக்கா."

போன வாரம் கேட்டபோதும் அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். நாலு என்று எழுதினால் மாமிக்குக் கோபம், எட்டு என்று எழுதினால் ஆபீசருக்குக் கோபம். இரண்டையும் வாங்கிக்கொள்ள நான்.

ஒரு நாள் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தைப் பாதி எழுதிவிட்டு மீதி என்னவென்று தெரியாமல் நின்றேன். ஐம்பத்துநாலு பெண்களும் காத்திருந்தார்கள். மணி அடித்ததும்தான் கையில் சாக்பீஸ் இருப்பதே நினைவுக்கு வந்தது. விஷயம் வீட்டுக்கு எட்டியது. பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்கச் சொன்னாள் அம்மா. முட்டைக்கும் பாலுக்கும் யார் க்யூவில் நிற்பது? நான்தான். அண்ணன் தினமும் விடியற்காலை கடற்கரையில் ஒரு மைல் நடக்கச் சொன்னான். அந்த நேரத்தில் குழாயடியில் குடத்தோடு நிற்பவள் யார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அது கடையில் கிடைக்கவில்லை. என் களைப்பைப் போக்க ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள்.

அந்த வாரமே ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் என்னைக் கூப்பிட்டு, பாரிமுனையில் ஒரு கடையில் பள்ளிக்கூடத்துக்கு மசிப்பொடியும் தேசப்படமும் வாங்கிவரச் சொன்னார். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். திரும்பும்போது ட்ராமில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மவுண்ட் ரோடு வந்தது நினைவிருக்கிறது. அடுத்து யாரோ பெஞ்சைத் தட்டினார்கள்.

"டீச்சரம்மா, லஸ் வந்துட்ச்சு. எய்ந்திரு."

கண்டக்டர். நரைத்த மீசை, காக்கிக் கோட்டு. சுருட்டிய தேசப்படத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். முக்கால் மணிதான் இருக்கும். இறங்கி நடந்தபோது தலைக்குள்ளே யாரோ கைவிட்டுக் கழுவினதுபோல் இருந்தது. அன்று மாலை தர்க்க சாஸ்திரம் ஒன்பது பக்கம் நகர்ந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் கால்கள் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. லஸ்ஸில் ட்ராம் ஏறினேன். பாரிமுனையில் இறங்க எனக்கு ஒரு காரியமும் இல்லை. ட்ராமைத் திருப்பி ஓட்ட டிரைவர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வண்டியின் மறுமுனைக்குப் போக, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, எறங்கலியா?"

"இல்லப்பா. திரும்பப் போறேன். தூங்கறதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. "அப்போ மொதல்ல டிக்கெட்ட வாங்கிக்கினு தூங்கு. நடுவுல செக்கிங் வந்தா எயுப்ப வாணாம் பாரு" என்றார். அந்த வருஷத்தில் நான் கேட்ட புத்தியான யோசனை அது ஒன்றுதான்.

மூன்று வாரம் நிம்மதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் கோயில் மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்தார். தினமும் மத்தியானம் ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் மகள் வீட்டுக்குப் போகிறவர்.

"உன்ன மூணு தடவ ட்ராமில பார்த்தேன். எங்கம்மா போறே தினமும்?"

"எங்கயும் போகல, ஆன்ட்டி. தூங்கப் போறேன்."

அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அந்தப் புன்னகையை நான் அங்கேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் விஷயம் அண்ணனுக்குப் போய்விட்டது.

"யார் அவன்?" என்றான் அண்ணன்.

"எவன்?"

"பாரிமுனையில இருக்கறவன்."

"பாரிமுனையில ட்ராம் திரும்புது. வேற ஒண்ணும் இல்ல."

"தூங்கறதுக்கு யாராவது ட்ராம்ல போவாங்களா? வீடு இல்லையா உனக்கு?"

அவன் இதைச் சொன்னபோது சித்தியின் கடைசிப் பையன் என் மடியில் இருந்தான். அண்ணன் மகள் என் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். அம்மா மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வயசுக்கு வந்த பொண்ணு, ஊர் என்ன பேசும்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. காதலிக்கிறேன் என்று பொய் சொல்லியிருந்தால் அரைமணியில் நம்பியிருப்பார்கள். தூங்குகிறேன் என்ற உண்மையை நம்ப ஒருவருமில்லை.

திங்கட்கிழமை மதர் கூப்பிட்டார். உயரமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அவரிடம் அதுதான் பயம்.

"ஏதோ கேள்விப்பட்டேன். நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நான் நம்பறேன். ஆனா பிள்ளைகளோட பெத்தவங்க கேட்டா எனக்கு ஒரு பதில் வேணும். ஒரு வாரம் ஆயாவ உங்களோட அனுப்பறேன்" என்றார்.

நம்புகிறவர் எதற்குச் சாட்சி அனுப்புகிறார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "சரி மதர்" என்றேன். நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து வகுப்புகளைப் பெருக்குவாள். நாங்கள் போனதும் அடுத்த பள்ளிக்கூடத்துக்காக மறுபடி பெருக்குவாள். அவர்கள் போன பின் மூன்றாம் தடவை. அந்த வாரம் மட்டும் நடுப் பெருக்கலைத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். முதல் நாள் ட்ராமில் என் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏறுகிற ஒவ்வொரு ஆம்பிளையையும் உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். ராயப்பேட்டை தாண்டியதும் என் பக்கம் குனிந்தாள்.

"டீச்சர், மெய்யாலுமே தூங்கத்தான் வந்துகினு கீறியா?"

"ஆமா ஆயா."

"வேற ஆளு யாரும் வர்ல?"

"யாரும் வரமாட்டாங்க."

"அப்போ தூங்கு. நான் பாத்துக்கினு கீறேன்."

அன்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒருத்தி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன். மவுண்ட் ரோட்டில் பலமான குறட்டை கேட்டு விழித்தேன். ஆயா தலையைக் கம்பியில் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்தே தூங்கினோம். லஸ்ஸில் கண்டக்டர் இரண்டு பேரையும் எழுப்பினார்.

"இன்னா டீச்சரம்மா, ஒரு ஆளு ரெண்டாயிட்ச்சு?"

சனிக்கிழமை ஆயா மதரிடம் சாட்சி சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அந்தம்மா ஏறுது, குந்துது, தூங்குது. வேற ஒரு எயவும் கெடையாது, மதர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் இன்னும் ஒரு வாரம் பாத்துட்டா நல்லது" என்றாள்.

மதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் போகச் சொன்னார். எனக்கு நோய்ப்பட்ட பிள்ளைகள் படுக்கும் அறையில் இருந்த கட்டிலைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நாலு நாள் அங்கே படுத்துப் பார்த்தேன். முதல் நாள் ஒரு டீச்சர் கதவைத் தட்டி, "தூங்கறீங்களா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் இன்னொருத்தி ரேஷன் படிவத்தில் ஒரு சந்தேகம் என்று வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வயிற்றுவலியோடு வந்தது. கட்டில் ஒன்றுதான். எழுந்து இடம்விட்டு, அந்தப் பிள்ளைக்கு ஓமத்தண்ணீரும் வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் நேராக மதரிடம் போய் நின்றேன்.

"கட்டில் வேண்டாம் மதர்."

"வேற என்ன வேணும்?"

"ரேஷனுக்கு எனக்கு மூணு தெரு. மத்தவங்களுக்கு ஒண்ணு ஒண்ணு. ரெண்ட எடுத்துக்குங்க."

அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஆமா, மூணு. நீங்க ஒண்ணும் சொல்லலையே! முடியாதுன்னு சொல்லாதவங்ககிட்டதானே கொடுக்கத் தோணுது" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆறு மாதமாக நான் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் இவ்வளவுதானா? அதுவும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததாலா? ஆனால் தெருக்கள் இரண்டும் அன்றே கைமாறின. அவற்றை வாங்கிக்கொண்ட டீச்சர்கள் இருவரும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒருவகை ஓய்வாகத்தான் இருந்தது.

நான் மறுபடியும் ட்ராமுக்குப் போனேன். ஆயாவின் சாட்சி வீட்டுக்கும் எட்டியிருந்ததால் அண்ணன் இப்போது சந்தேகப்படவில்லை, அவமானப்பட்டான். "ரயிலடி கூலிங்க மாதிரி பொது இடத்துல தூங்கறியே" என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கிளம்பும்போது ஆயா என் வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, "போய்ட்டு வா டீச்சர். என் பங்கையும் சேத்துத் தூங்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். லஸ் வரை அது என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அன்று ட்ராமில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்காகக் கேட்கத் தெரிந்த எனக்கு அவளுக்காகக் கேட்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் மதரிடம் கேட்டேன். "அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார் மதர், அதே ஆச்சரியத்தோடு.

"அவ எப்படிச் சொல்லுவா, மதர்? சொன்னா வேலை போயிடும்னு பயப்படுவா."

இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. மதர் பேனாவை மூடிவைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மத்தியானப் பள்ளிக்கூடத்துக்கு முன் பெருக்குகிற வேலையை வாரத்தில் இரண்டு நாள் பெரிய வகுப்புப் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பெண்களின் தாயார் இரண்டு பேர் இதற்குப் புகார் எழுதினார்கள். பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. "முடியாது மதர்" என்றேன். அவரே எழுதினார்.

செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ஆயா என்னோடு வந்தாள். ஏறியதும் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொள்வாள். குறட்டை மட்டும் அடங்கவில்லை. பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாள் மாதர் சங்கத்து அம்மாளும் ஏறினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.