மனைவி ஐஸில் இறங்கிய சனிக்கிழமை

இரண்டு வாரத்துக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலை, என் மனைவி ஐஸ் ஹொக்கி மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது.

நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியவரும். நாங்கள் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் செய்தி எலிவேற்றரைவிட வேகமாகக் கீழே இறங்கும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகன் சுதனுக்குப் பன்னிரண்டு வயது. இந்தக் குளிர்காலம் ஹொக்கி விளையாடியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் விளையாட, இவன் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கவேண்டும்? நானும் ஓம் என்றேன்.

அந்த ஒரு 'ஓம்' எவ்வளவு பாரம் தெரியுமா? ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய பை. அதற்குள் தலைக்கவசம், தோள்கவசம், முழங்கால்கவசம், சறுக்குச் சப்பாத்து... கூடவே ஒரு மணம். பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினாலும் அது குசினிக்கு வந்துவிடும். கார் இல்லாத நாங்கள், சனிக்கிழமை விடியற்காலையில் அந்தப் பையைத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் ஏற்றி இறக்குகிறோம். கண்ணிமை உறைகிற குளிரில், அதைவிடக் குளிரான ஒரு கட்டடத்துக்குள் போய் உட்காருவதற்காக. இப்படிச் செய்யச் சொல்லி எங்களை யாராவது கேட்டார்களா?

மனைவி யோகத்துக்குச் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அதனால் அவள் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. ஐஸில் சறுக்கி ஓடி ஒரு கறுப்பு வட்டைத் தடியால் அடிப்பார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். இடிப்பதும் விளையாட்டில் சேர்த்தி என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்தேனா என்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு அவளுக்கு லீவு. வந்தாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு தகப்பன் தடுப்புக் கண்ணாடியில் கையால் குத்திக் குத்தி, "ஹிற் ஹிம், ஹிற் ஹிம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"உந்தாள் ஆருக்கு அடிக்கச் சொல்லுது?" என்று யோகம் கேட்டாள்.

"அது சும்மா... உற்சாகப்படுத்துறது."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த நேரம்தான் சுதனிடம் வட்டு வந்தது. அவன் குனிந்து அதை இழுத்துக்கொண்டு ஓட, எதிர் ரீமில் என் உயரத்துக்கு வளர்ந்த ஒரு பெடியன் பக்கவாட்டில் வந்து தோளால் இடித்தான். சுதன் பலகைச் சுவரில் மோதி விழுந்தான். கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

விளையாட்டுக்காரர் மாறுவதற்காக எங்கள் கோச் சிறு கதவைத் திறந்து வைத்திருந்தார். அதற்குள்ளால் யோகம் போய்விட்டாள். மண்ணிற வின்ரர் கோட்டும் பூட்ஸுமாக, ஐஸின் மேல், நேரே. விழவேயில்லை. விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும்.

அந்த வளர்ந்த பெடியனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தம்பி, உனக்குக் கண் தெரியாதே? அவன்ரை உயரமென்ன, உன்ரை உயரமென்ன?"

முழுக்கத் தமிழில். பெடியன் வெளிறிப்போய், "சொறி, மேடம்" என்றான். இந்த உலகத்தில் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத ஒரே விஷயம் தாய் ஏசுவதுதான் போலிருக்கிறது.

றெஃபரி விசில் ஊதினார். சட்டப்படி இடித்த பெடியனுக்குத் தண்டனை இல்லை. தாய் இறங்கியதற்காக எங்கள் ரீமுக்குத்தான். இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவு. அதற்குள் ஒரு கோல் வாங்கினோம். அந்த ஒரு கோலால் தோற்றோம். மற்றப் பெற்றோர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கோச் மட்டும் என் தோளைத் தட்டி, அடுத்த முறை அம்மாவைக் கொஞ்சம் பிடித்து வைத்திருங்கள் என்றார். பிடித்து வைத்திருப்பதா? அந்த மனிதருக்குக் கலியாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஸ்ரீற்காரில் சுதன் எங்களுடன் இருக்கவில்லை. பையையும் தூக்கிக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டான்.

"உமக்கென்ன விசரே?" என்று கேட்டேன். "பிள்ளையின்ரை மானம் போச்சு."

யோகம் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"கொழும்பிலை கலவரத்துக்கு இவனைக் கட்டிலுக்குக் கீழை தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தனான். ஒருத்தரும் இவனிலை கை வைக்கக்கூடாது எண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? நீங்கள் விடிய எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் இடிவாங்க விடுறியள்."

என் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சுதன் வாயைத் திறந்தான். கோபத்தில் கத்துவான் என்று பார்த்தால் அவனுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு நின்றது.

"நான் உடனை எழும்பிட்டன், அம்மா. ஐ வாஸ் ஓகே. நீங்கள் என்ரை பக்கம் பாக்கவே இல்லை. அவனிட்டைத்தான் போனீங்கள்."

யோகம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனுடைய தோளைத் தடவிப் பார்த்தாள். நோகுதா என்று கேட்கவில்லை. "வாற கிழமையும் நான் வருவன்," என்றாள். "இறங்கமாட்டன்."

அதற்காக வேலையிடத்தில் ஒருத்தியுடன் முறை மாற்றிக்கொண்டு, போன சனிக்கிழமை வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுதன் ஒருமுறை விழுந்தான். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது. அவன் எழும்பினான். இந்த முறை அவள் அதைப் பார்த்தாள். நகம் வெளியே வந்தது. இப்படியே ஆட்டம் முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

கடைசிப் பகுதியில் எதிர் ரீம் பெடியன் ஒருவன் வட்டுடன் வந்தான். சுதன் தோளைக் கொடுத்தான். சட்டப்படி சுத்தமான இடி. அந்தப் பெடியன் மல்லாக்க விழுந்தான்.

என் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள். கண்ணாடியில் குத்தும் அந்தத் தகப்பன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து, என் பக்கம் சரிந்து கேட்டாள்: "ஐயோ பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

கைதட்டியது முதலில், கேட்டது பிறகு — பெற்றோரே, இதில் அவளுக்கும் உங்களுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா?