ஜெகதீஸ்வரன் வாங்கிய டீ

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் பழைய கார்களை அங்கே நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாயடிப்போம். பாதி நேரம் கார் ரேஸ் பேச்சு. மீதி நேரம் யார் வண்டி நம்பகமானது என்ற சண்டை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: போன வாரம் யார் வண்டி நடுவழியில் நின்றதோ, இந்த வாரம் எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்க வேண்டும். என் வண்டி ஓடியதைவிடத் தள்ளப்பட்டதே அதிகம். அதனால் பெரும்பாலும் நான்தான் வாங்குவேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு டீகூட வாங்காதவர் ஜெகதீஸ்வரன் ஒருவர்தான்.

நாமக்கல் பக்கம் ஒரு தீவன மில்லில் எடைமேடை பார்க்கிறார். இரண்டு ஏக்கர் விவசாயக் காடு, ஒரு வெள்ளை மாருதி எண்ணூறு. தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி. இளவட்டமாக இருந்தபோது முட்டை லாரியில் தொற்றிக்கொண்டு சென்னை வரைக்கும் போய்க் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர். "கார் திரும்பறதப் பார்த்தீங்கன்னா மூச்சு உட மறந்துருமுங்க, மணியண்ணா" என்று இன்றைக்கும் சொல்வார். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நான் சூரமங்கலத்தில் ரயில்வேயில் முப்பது வருஷம் எஞ்சினோடு மாரடித்தவன். எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை.

யாராவது புதிதாக வந்து வண்டியைப் பற்றிக் கேட்டால் அவர் பதில் ஒன்றுதான்: "என்ற வண்டி ஒருக்காலும் நின்னதில்லீங்க." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் டீ கிளாசைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

நின்றிருக்கிறது. ஒரே ஒரு தடவை.

அது 2003. இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் அப்போது இல்லை. மழை பொய்த்து ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தன. சேலத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஏரிக்குள் மண்பாதை போட்டுக் கார் போட்டி நடத்தினார்கள். வீட்டுக்கென்று வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார் ஜெகதீஸ்வரன். கூடமாட ஒத்தாசைக்கு நான். எஞ்சினுக்குள் நெருப்புப்பொறி கொடுக்கிற பிளக்கை ரேஸுக்கென்று தனியாக மூன்று வாங்கி மாட்டினோம். அந்த பிளக் எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது நன்றாக வேலை செய்யும். ஊர்ந்து ஓட்டினால் கரி பிடித்து, மறுநாள் வண்டி கிளம்பாது. போட்டி முடிந்த கையோடு பழைய பிளக்கை மாட்டிவிட வேண்டும். இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாக வந்தார். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். பிளக்கை மாற்றலாம் என்று கழட்டப் போனவரை நான்தான் தடுத்தேன். "அட நாளைக்கு மாத்திக்கலாம், வாங்க. வயிறு காயுது" என்றேன். சாப்பிட்டுவிட்டு அவர் ஊருக்குக் கிளம்பினார். அன்று வழியில் பாலம் வேலை. லாரிகளுக்குப் பின்னால் வீடு வரைக்கும் ஊர்ந்துதான் போயிருக்கிறார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாட்டுக் கொட்டகையில் அவர் மனைவி சௌந்திரத்துக்கு நெஞ்சு வலி வந்தது. பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு பதினொரு வயது மகன் இனியன். சாவியைத் திருப்பினார். திருப்பித் திருப்பி பேட்டரியும் தீர்ந்தது. பக்கத்துக் காட்டு ஆளின் டெம்போ வர அரை மணி நேரம் ஆயிற்று. நாமக்கல் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று இனியன் காரின் மேல் கல்லை விட்டெறிந்தான். பின்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது. அதை ஜெகதீஸ்வரன் இன்றுவரை மாற்றவில்லை. பையன் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறியதே இல்லை. அம்மாவைக் கொன்ற வண்டி என்பான். அப்பாவும் அப்படியே விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரு பிள்ளையும் போய்விடுவான் என்ற பயம். பழியெல்லாம் வண்டியின் மேல் போனது. அதனால்தானோ என்னவோ, எங்களிடம் வந்து அந்த வண்டிக்காக அப்படி வரிந்து கட்டிக்கொண்டு பேசுவார். இந்த மனுஷனை நினைத்தால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

போன மாதம் இனியன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். காரை விற்றுவிட்டு அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஞாயிறன்று டீக்கடைக்கே அழைக்க வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த கவின், "ஏனுங்க, இது இத்தன வருசத்துல ஒருக்காவாச்சும் நின்னிருக்குங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"ஒருக்காலும் இல்லீங்க."

"எங்கம்மா செத்தன்னைக்கு நின்னுச்சேங்கப்பா" என்றான் இனியன். சத்தமே போடவில்லை. "அத எதுக்குங்க மறைக்கறீங்க?"

டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். ஜெகதீஸ்வரன் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

"வண்டி நிக்கல சாமி. நாந்தான் நிறுத்திப் போட்டேன்" என்றார். பிறகு ரேஸ் பிளக், ஏரி, மூன்றாவது இடம் எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு மாற்றலாம் என்று சொன்ன ஆளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

இனியன் கேட்டது ஒன்றுதான். "அத மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிசம் சாமி."

"பத்து நிமிசம்" என்று அவனும் சொன்னான். "இருவத்திரண்டு வருசமா ஒரு இரும்பப் போயித் திட்டிட்டு இருந்திருக்கறேன்." தன் காரை நோக்கி நடந்தான்.

"சாப்புட்டுப் போட்டுப் போ, சாமி" என்றார் அப்பா. கார் திரும்பி பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அவர் போன் செய்தும் மகன் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஜெகதீஸ்வரன் எனக்கு முன்பே வந்திருந்தார். எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். "இன்னைக்கு டீ என்ற கணக்குங்க" என்றார். யாரும் கேலி பேசவில்லை.

நான் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அவர் கார் பானெட்டின் மேல் வைத்தேன். பிளக் கழற்றுகிற ஸ்பேனர். அவருடையது. ஏரியில் சாமான்களை அள்ளிப் போட்டபோது என் பையில் வந்துவிட்டது. அவர் மனைவி செத்த சேதி வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் பீரோவில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. சௌந்திரத்துக்கு வலி வந்த அன்று காலை பழைய பிளக் மூன்றும் அவர் டேஷ்போர்டில் துணி சுற்றி இருந்திருக்கின்றன. கழற்றி மாட்டத்தான் ஸ்பேனர் இல்லை.

"இந்த டீ என்னுது" என்றேன். "இனியனுக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அவர் அதைத் தொடவில்லை.

"அது உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு அன்னைக்குக் காலையிலயே தெரியுமுங்க, மணியண்ணா" என்றார். "பிளக்குக் கவனம் வந்து டிக்கியெல்லாம் கொட்டித் தேடுனேன். அப்பத்தான் உங்க பை நெனப்பு வந்துச்சு. பின் சீட்டுல படுத்துட்டு அவ கேட்டா, 'என்னங்க தேடறீங்க?'ன்னு. ஒன்னுமில்லன்னு சொல்லிப் போட்டேன். அவகிட்டயே உங்க பேரச் சொல்லலீங்க. இப்பப் போயிப் பையங்கிட்டச் சொல்லோணுமா?"

நான் பானெட்டின் மேலிருந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. டீ ஆறுது பாருங்க."

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாங்கிய டீயைக் குடித்தேன்.