கூப்பன் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த நாட்களில் கொழும்பில் தங்க இடமில்லாமல் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சட்டத்தைத் தானே எழுதி, அதனாலேயே தன்னை வெளியே தள்ளிக்கொண்ட மடையன் நான் ஒருவன்தான். வேறு யார்மீதாவது பழியைப் போட முடியுமா என்று பல வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் அகப்படவில்லை.

யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. குண்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடிய சனம் திரும்பி வந்திருந்தது. அதோடு முன்பு கொழும்பையே பார்த்திராத சனமும் வந்து சேர்ந்திருந்தது. நான், நீதிமன்றங்கள் இருந்த புதுக்கடையில், வழக்குப் பார்க்கிற ஒரு புறொக்டரிடம் கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கையில், விதவையான ஓர் அம்மாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். சாப்பாடும் அவரிடம்தான். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்த காலம் அது. ஆகவே சாப்பாட்டோடு தங்க வருகிறவன் பெட்டியை இறக்கி வைத்ததும் செய்கிற முதல் வேலை, தன் கூப்பன் புத்தகத்தை வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுப்பது. எங்கள் அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே இருந்த அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடித்து ஒரு வருடமாகியும் அவள் எழுதிய கடிதங்களில் ஒரே கேள்விதான்: எப்போது வரலாம்? அம்மாவிடம் கேட்டபோது அவர் யோசிக்கவேயில்லை.

"வரட்டுமே தம்பி. இன்னொரு பாய் போட இடமிருக்குத்தானே."

வேறொருவன் என்றால் அன்றைக்கே தந்தி அடித்திருப்பான். நான் சட்டம் தெரிந்தவன் அல்லவா? வாய்ப்பேச்சை நம்பிக் குடும்பத்தைக் கூட்டி வந்தவர்கள் சட்டிபானையோடு வீதிக்கு வருவதைத் தினம் தினம் நீதிமன்றப் படியில் பார்த்தவன். எனக்கு எழுத்தில் வேண்டியிருந்தது.

வாடகைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. வாடகைக் குடியை நினைத்தபடி வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்பது ஏற்கெனவே சட்டம். வாடகைக் குடி என்றால் யார் என்பதுதான் தகராறு. வெள்ளவத்தையில் சில வீட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். குடியிருப்பவனுக்குக் காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர் அனுப்புவார்கள். அவன் அதைக் குடித்துவிட்டால் வாடகைக் குடியல்ல, சாப்பாட்டோடு தங்குகிற போர்டர். நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லலாம் என்பது அவர்களின் வாதம். அந்த வருடம் எங்கள் கந்தோரில் ஓடியது முழுக்கத் தேத்தண்ணீர் வழக்குத்தான். ஒரு வழக்கில் சீனி போட்டதா இல்லையா என்றுகூடக் குறுக்கு விசாரணை நடந்தது.

சட்டத்தரணிகள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தல் வந்தது. புறொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"ஐசே, வாடகைக் குடி எண்டா ஆர்? ஒரு வசனத்தில எழுதிக்கொண்டு வாரும்."

"ஒரு வசனத்திலயோ, ஐயா?"

"ரெண்டு வசனமெண்டா அதுக்குள்ள ரெண்டு வழக்கு ஒளிச்சிருக்கும்."

மூன்று நாள் மண்டையை உடைத்தேன். தேத்தண்ணீர் நீங்கலாக வீட்டுக்காரரின் சமையலைச் சாப்பிடாமல், தன் அடுப்பில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவன் வாடகைக் குடி. இதுதான் நான் பெற்றெடுத்த வசனம். புறொக்டர் இரண்டு முறை வாசித்தார். "பரவாயில்லை. உமக்கும் மண்டைக்குள்ள ஏதோ கிடக்கு" என்றார். வெள்ளவத்தைத் தேத்தண்ணீரையெல்லாம் ஒரே வசனத்தால் கடலில் ஊற்றிவிட்ட பெருமையோடு கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன்.

அன்றிரவு அம்மா கேட்காமலே நீத்துப்பெட்டியில் அவித்த புட்டை இரண்டாம் முறையும் என் தட்டில் கொட்டினார். மீன்குழம்பை ஊற்றிக் குழைத்து, வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. என் வசனத்தின்படி நான் யாருமேயில்லை.

விடிந்ததும் அம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, இண்டையிலயிருந்து நான் தனியச் சமைக்கப் போறன்."

"ஏன் தம்பி, சாப்பாட்டில ஏதும் குறையோ?"

"ஒரு குறையுமில்லை. கூப்பன் புத்தகத்தையும் ஒருக்காத் தாங்கோ."

அம்மா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

"யோசிச்சுத்தான் கேக்கிறீரோ?"

"மூண்டு நாள் யோசிச்சனான்."

அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார். வேறொன்றும் கேட்கவில்லை. காரணத்தைச் சொன்னால் உசாராகிவிடுவார் என்று நானும் சொல்லவில்லை. என்ன கெட்டித்தனம்!

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது. பகல் முழுக்கப் புறொக்டரிடம் எழுத்து, பிறகு அரிசிக்குக் கியூ, பிறகு மண்ணெண்ணெய்க்கு இன்னொரு கியூ. அறைக்கு வந்தால் அடுப்பு பற்றாது. பற்றினால் அணையாது. சோறு அடியில் கருகும், மேலே அரிசியாகவே இருக்கும். நடுவில் ஒரு விரற்கடைதான் சாப்பிடத் தக்கது. முன்பக்கத்திலிருந்து மீன்குழம்பு வாசம் வரும். கண்ணை மூடிக்கொண்டு, நான் வாடகைக் குடி, நான் வாடகைக் குடி என்று சொல்லிச் சொல்லி விழுங்குவேன். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. ஆனாலும் மனைவிக்கு எழுதினேன்: வெள்ளிக்கிழமை ரயிலேறு, இனி எங்களை ஒருவரும் எழுப்ப முடியாது.

புதன்கிழமை பின்னேரம் அம்மா அறை வாசலுக்கு வந்தார். நான் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சாமானை எப்ப எடுக்கிறீர், தம்பி?"

"என்ன சாமான்?"

"உம்மட சாமான்தான். அறையை துறைமுகத்தில வேலை செய்யிற ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி பிள்ளையோட வாறார்."

"அம்மா! நான் போறனெண்டு எப்ப சொன்னனான்?"

"கூப்பன் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டா வேறென்ன? இந்த ஒழுங்கையில அதைக் கேட்டுப்போட்டு ஆர் தங்கினது? நான்தான் யோசிச்சுக் கேக்கிறீரோ எண்டும் கேட்டனே."

உண்மைதான். அந்த ஒழுங்கையில் கூப்பன் புத்தகம் கைமாறினால் ஆள் மாறுகிறான் என்றுதான் கணக்கு. இது எனக்கும் தெரியும். சட்டம் எழுதுகிற மும்முரத்தில் மறந்துபோனேன்.

"வெள்ளிக்கிழமை மனிசி வாறா, அம்மா" என்றேன்.

அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். மாதாவுக்குக் கீழே, அவருடைய புத்தகத்தோடு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் மூன்று கூப்பன் புத்தகங்கள் இருந்தன.

"முன்கூட்டியே வாங்கி வைச்சிட்டன் தம்பி. இனித் திருப்பிக் குடுக்கேலாது."

வேறு வழி தோன்றவில்லை. பெட்டியிலிருந்து என் வசனத்தின் பிரதியை எடுத்து நீட்டினேன்.

"இஞ்ச பாருங்கோ அம்மா, இது சட்டமாகப் போகுது. தன்ர அடுப்பில சமைக்கிறவனை எழுப்பேலாது."

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

அம்மா காகிதத்தைப் பார்த்தார், கருகிய சட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கடுதாசியையே பாயா விரிச்சுப் படும்."