மோர் முதலில்

"மொதல்ல மோரக் குடிங்க மொதலாளி" என்று முத்தம்மாள் தம்ளரை நீட்டும்போதே புருஷோத்தமன் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பார். கதிர்காமத்தில் அவர் நடத்தும் மெஸ்ஸில் எது நடந்தாலும் சேதி மோரோடுதான் வரும். கிரைண்டர் புகைந்த அன்று மோர். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்து, இட்லிக் குண்டான் மூடியைப் போட்டு அவள் அமுக்கிய அன்றும் மோர். அன்று பெருங்காயம் சற்றுத் தூக்கல்.

சமையல்கட்டு அவள் பொறுப்பு. சிலிண்டர் அறைச் சாவி அவள் இடுப்பில் தொங்கும். காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும், ஒவ்வோர் அடுப்பருகிலும் குனிந்து மோந்து பார்ப்பாள். காய் நறுக்கும் மாலா சிரிப்பாள்.

"சிரிடி. மூக்கு வேலை செய்யறவரைக்கும்தான் மூஞ்சி மிஞ்சும்."

'ஆபத்து என்றால் உடனே முதலாளிக்குச் சொல்லவும்' என்று புருஷோத்தமன் எழுதி ஒட்டிய தாளில் எண்ணெய் படியாமல் தினமும் துடைப்பாள். அதன்படி நடந்ததில்லை.

"கடல்லேர்ந்து கெட்ட சேதி வந்தாகூட எங்க ஊர்ல வெறும் வயித்துல யாருக்கும் சொல்ல மாட்டோம். கேட்டப்புறம் யாரு சாப்புடுவா?"

போன வாரம் ஒரு காலை, மூன்றாவது அடுப்பருகே குனிந்தவள் உடனே நிமிரவில்லை. பிறகு ஒரே ஓட்டமாய்ப் போய்ச் சிலிண்டரை மூடினாள். காற்றாடி போட சுவிட்சுக்கு நீண்ட மாலாவின் கையில் கரண்டியால் ஒன்று வைத்தாள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரையும் கோழிக்குஞ்சு ஓட்டுவதுபோல் தெருவுக்கு ஓட்டினாள். அங்கே நின்று போன் போட்டாள்.

"சாப்ட்டீங்களா மொதலாளி?"

"இப்பதான் ஒக்காந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்லா சாப்ட்டே வாங்க."

அவர் இட்லியை நிதானமாய் முடித்து, பேப்பரும் பார்த்துவிட்டு, லாஸ்பேட்டை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மெஸ் ஆட்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். முன்னால் முத்தம்மாள், பக்கத்துக் கடையில் வாங்கிய மோருடன்.

"என்னாச்சு?"

"குடிங்க."

"சொல்லித் தொலை!"

"குடிங்க."

குடிக்கத் தொடங்கினார். கேஸ் ஒழுகியதைச் சொன்னாள். மீதி மோர் சட்டையில் இறங்கியது.

"கேஸ் ஒழுவுது, நீ என்னை இட்லி துன்னச் சொல்றியா? குடு சாவிய! நாளைலேர்ந்து நீ மாலாகூட காய் நறுக்கு."

சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். "வயிறு நெறைய சாப்ட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் ரிப்பேர்க்காரர் விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயைத் தூக்கிக் காட்டினார். "யாரு சிலிண்டர மூடுனது? ஒரு சுவிட்சத் தட்டியிருந்தா போதும் சார்," என்று கூரையைப் பார்த்தார். புருஷோத்தமன் தாமாகவே இன்னொரு மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை அடிக்கடி வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்துத் திரும்பியது. புருஷோத்தமன் உள்ளே வந்தார், கையில் ஒரு கிளாஸ் டீ.

"இந்தா முத்தம்மா, குடி."

கத்தி நின்றது. அவர் அவளுக்கு டீ கொண்டுவந்ததே கிடையாது.

"மொதல்ல விஷயத்தச் சொல்லுங்க."

"மொதல்ல குடி."

"ஐயோ, சொல்லிடுங்க மொதலாளி! அக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றாள் மாலா.

முத்தம்மாள் முந்தானையால் கிளாஸைப் பிடித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்தாள். அவர் சாவியை நீட்டிக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறக்க மனமில்லாமல், காலிக் கிளாஸை இன்னும் வாயிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.