வீக் ஆசிட்டைத் தேற்றியவள்

“மூக்கு எரியாத மருந்துல என்னடி சுத்தம் வரப் போகுது?”

என் நாத்தனார் தினமும் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே இதைத்தான் கேட்பாள். பல் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் தேய்த்து வைத்த பாத்திரத்தை என் கண்ணெதிரே எடுத்து மறுபடி தேய்க்கிறவளோடு யாருக்கு ஆகும்?

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வரைக்கும் அவளுக்கு அங்கே குறையில்லை. பிறகு பல் டாக்டர் புதிதாக ஒரு மருந்துத் தண்ணீரை டிரம்மில் இறக்கினார். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டு எடுப்பதாம். கிருமி சாகுமாம், கை புண்ணாகாதாம். “இது வீக் ஆசிட்மா, பயப்படாம புழங்குங்க” என்றாராம்.

அன்று சமையலறையில் வந்து நின்றாள்.

“வீக்காம். அவன் வாயாலயே சொல்றான். எவனோ தண்ணிய கலந்து அவன் தலையில கட்டிட்டான்.”

“டாக்டருக்குத் தெரியாதா அண்ணி?”

“பல்லு புடுங்கறவனுக்குத் தரை கழுவத் தெரியுமா? வீக்கா இருந்தா தேத்திவிடணும். நீ உன் குழம்பப் பாரு, அதுவும் வீக்குதான்.”

மறுநாள் எங்கள் கக்கூஸ் ஆசிட் பாட்டிலைக் காணோம். கொண்டுபோய் அந்த டிரம்மில் கவிழ்த்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. இரண்டும் சேர்ந்ததில் கிளம்பிய குளோரின் நெடி அவள் நெஞ்சை அடைத்துவிட்டது. இருமல் கேட்டுக் கதவைத் திறந்த, சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கும் கண்ணெரிச்சல். அந்தப் பெண் சாயங்காலமே வீடு திரும்பிவிட்டாள். இவள் பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடக்கிறாள்.

டாக்டர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: “புது மருந்தக் குறை சொன்னான்னு நான் திட்டினதுக்கு வஞ்சம். வீட்டுலேருந்தே ஆசிட் கொண்டு வந்து எங்களக் கொல்லப் பாத்தா.” போலீசுக்கும் போகப் போகிறாராம். தெருவும் அதை நம்பிக்கொண்டு பெரியாஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அவளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் இருப்பதில் கால்வாசி அந்த டாக்டரிடம் இருக்காது. வாயாடி, பிடிவாதக்காரி, யார் சொன்னாலும் காதில் ஏறாது. ஆனால் கொலைகாரி இல்லை. கொல்ல நினைத்தவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயா நிற்பாள்?

திண்ணமாகப் பேசுகிற தெருக்காரர்களே, ஒரு நடை போங்கள். மாடியில் நெஞ்சு வார்டு, கடைசிக் கட்டில், சாயங்காலம் உள்ளே விடுவார்கள். திட்டுவாள், நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு வராது, கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவள் முகத்துக்கு நேராக அந்தப் பழியைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.