சொல்லாவிட்டால் பர்த்டே

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் வினோலியா. பிரின்டர் மையும், மேனேஜர் வீட்டு வைஃபையும், ஊழியர்களின் பிறந்தநாள் கேக்கும்கூட அவர் தலையில்தான். இன்னாருக்கென்று சொல்லாத வேலையெல்லாம் வினோலியாவுக்கு. அந்த ஆபீசின் டிஃபால்ட் அவர்.

ஆலையின் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில், மற்ற புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்துவதற்கென்றே ஒரு புரோகிராம் உண்டு. நிறுத்தும் முன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமென்று ஒவ்வொருவரும் தனக்கென எழுதி வைக்கலாம். எழுதி என்ன? அது படிக்காது, பொதுவாக வைத்திருந்த நேரத்தையே எல்லாருக்கும் போட்டுவிடும். நூல் பரிசோதிக்கும் பெண்களின் முடிவுகள் பதிவாகும் முன்பே எல்லாம் அணைந்துவிடும். திட்டு அந்தப் பெண்களுக்கு. வினோலியா தவறைத் தேடிப் பிடித்துத் திருத்தி, அந்தப் புரோகிராமை எழுதியவர்களுக்கே அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். இனி எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் அவரவர் சொன்னது அவரவருக்கு நடக்கும்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாராட்ட வேண்டுமே.

"கேக்குக்கு போன்ல சொல்லிட்டேம்மா. நீயே போய் வாங்கிட்டு வந்துரு."

தன் பாராட்டுக் கேக்கை வாங்கத் தானே போனார். பேக்கரியில் பெட்டியைத் திறந்தால் 'ஹேப்பி பர்த்டே'.

"இன்னைக்கு யாருக்கும் பொறந்தநாள் இல்லையேண்ணே."

"என்ன எழுதணும்னு அவரு சொல்லலம்மா. சொல்லலேன்னா நாங்க பர்த்டேதான் போடுவோம்."

ஆபீசில் எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள், பிறந்தநாள் பாட்டை. மேனேஜர் குரல்தான் உரக்கக் கேட்டது. தின்று முடித்த தட்டுகளை யார் கழுவுவது என்று யாரும் சொல்லவில்லை.